என் குரலைப் பிடித்து நடந்தவர்

"குரல்தானே போச்சு, உயிரா போச்சு?" என்று என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தவர்களும் கேட்டார்கள், எங்கள் ஊர் புக்கிட் ரம்பாய் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல அப்போது எனக்கு அனுமதி இல்லை. இப்போது அனுமதி இருக்கிறது, ஆனால் பாதி வாக்கியத்தில் காற்று தீர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கற்ற எழுத்து இன்னும் கையில் இருக்கிறது. போனில் தட்டத்தான் வராது.

என் பெயர் சரோஜா. வயது அறுபத்திரண்டு. பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை ஓய்வு வரைக்கும் நின்றவள். வாளி, கூடை, மூடி என்று இயந்திரம் துப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கும். அப்படியே பழகி, வீட்டிலும் எனக்கு அந்த ஒரே குரல்தான். "மா, நான் பக்கத்துலதான் நிக்கிறேன். தாமான்ல உள்ள எல்லா வீட்டுக்கும் சொல்லணுமா?" என்பாள் என் மகள் கவிதா. அவள் பக்கத்து ஊரான செங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், எங்களோடுதான் இருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் முதலில் அவருடைய கால் விரலைக் கேட்டது, பிறகு கண்ணைக் கேட்டது. இப்போது இரண்டு கண்ணிலும் வெளிச்சம் இல்லை. மனிதருக்கு ரோஷம் மட்டும் குறையவில்லை. கோல் பிடிக்க மாட்டார். கையைப் பிடித்தால் உதறுவார். "குருடனை இழுத்துட்டுப் போற மாதிரி என்னை இழுக்காதே" என்பார். பின்னே எப்படித்தான் நடப்பது? அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் இரண்டு எட்டு முன்னால் பேசிக்கொண்டே போக வேண்டும், அவர் என் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்.

அதனால் நான் பேசிக்கொண்டே நடந்தேன். இங்கே ஒரு படி, அங்கே நாய் படுத்திருக்கு, மீன் விலையைப் பாருங்க, அந்த வீட்டுக்காரி புதுக் கார் வாங்கிட்டா. எனக்குப் பேச விஷயம் தீர்ந்ததே இல்லை. தெருவில் பார்ப்பவர்களுக்கு நான் புருஷனைத் திட்டிக்கொண்டே போவதுபோல இருக்கும். உண்மையிலும் பாதி திட்டுதான். அவர் சிரித்துக்கொண்டே, லாரி ஓட்டிய காலத்து மிடுக்கோடு, கையை வீசி நடந்து வருவார். அவருக்குக் கண் தெரியாது என்பதே சந்தையில் பலருக்குத் தெரியாது.

குரல் கரகரக்க ஆரம்பித்தபோது தொண்டைக் கட்டு என்றுதான் நினைத்தேன். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, சீனர் கடையில் விற்கும் உப்பு எலுமிச்சை என்று ஒன்றையும் விடவில்லை. பல மாதம் இப்படியே போனது. வங்கியிலிருந்து போன் செய்த பெண் என்னை "என்சிக்" என்று கூப்பிட்டாள். ஆம்பளை என்று நினைத்துவிட்டாளாம். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது பெரிய சாலையில். சந்தைக்குப் போக நாங்கள் கடக்கும் இடம் அது. நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே கடந்தேன். பாதியில் ஒரு லாரி இரைந்துகொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் நடுச் சாலையில் நிற்கிறார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, "சரோ, எங்க இருக்கே? சத்தமே கேக்கலையே!" என்கிறார். நான் கத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்கு அவர் உதறவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கிளினிக்கில் பார்த்து, அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனை என்பதால் செலவு எங்களைக் கொல்லவில்லை, காத்திருப்புதான் கொன்றது. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வெளியே வரிசை வரிசையாக நாற்காலிகள். அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு நானே நோய் சேர்த்துக்கொண்டேன். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர் எனக்கு நேர் எதிரே இருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், உனக்கும் வரும் என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. பாவம், அவர் மரியாதைக்குத்தான் தலையாட்டியிருப்பார்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், கவிதா வயதுதான். அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். குரல்நாண் என்றால் வீணைக் கம்பிபோல ஏதோ என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தொண்டைக்குள் எதிரெதிராக இருக்கும் இரண்டு சின்னச் சதை மடிப்புகள். பேசும்போது அவை ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை சேர்ந்து பிரிகின்றன. கண்ணால் அதைப் பிடிக்க முடியாது. ஒரு விளக்கை விட்டுவிட்டு மின்ன வைத்து, அந்த அதிர்வை மெதுவாகப் போவதுபோலக் காட்டுகிற கருவி அவர்களிடம் இருக்கிறது.

என் நாக்கைத் துணியால் பிடித்து முன்னே இழுத்து, நுனியில் கேமரா வைத்த நீளக் குழாயை வாய்க்குள் விட்டார். "ஈ சொல்லுங்க ஆன்ட்டி" என்றார். நாக்கை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஈ சொல்லிப் பாருங்கள், தெரியும்.

முடிந்ததும் முதலில் நல்ல குரல் எப்படி இருக்கும் என்று ஒரு படம் காட்டினார். வயதில் இளையவர் ஒருவருடைய தொண்டை. இரண்டு ஓரமும் நேராக, முழு நீளத்துக்கும் சேர்ந்து மூடின, திறந்தன, மூடின. மேல்தோலில் ஒரு அலை ஓடியது, பால் காயும்போது ஆடை அசைவதுபோல. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில். அழகாகத்தான் இருந்தது, தொண்டைக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

பிறகு என்னுடையதைப் போட்டார். ஓரங்கள் உள்வாங்கி வளைந்திருந்தன. மூடிய பிறகும் நடுவில் ஒரு இடைவெளி திறந்தே நின்றது. அதன் வழியாகக் காற்று வீணாகப் போகிறது, அதனால்தான் பாதிப் பேச்சில் மூச்சு வாங்குகிறது என்றார். இடது பக்கத்தில் ஜவ்வரிசி அளவுக்கு ஒரு கட்டி. அந்தப் பக்கம் தன் போக்கில் ஆடியது, வலது பக்கத்தோடு சேரவே இல்லை.

"என்னா தெரியுது? எனக்கும் சொல்லுங்கலா" என்றார் வீட்டுக்காரர். அந்த அறையில் படம் தெரியாத ஒரே ஆள் அவர்தான். நான் கரகரத்த குரலில் கண்டதைச் சொன்னேன்.

"இது வயசாலயா, கட்டியாலயா?" என்று கவிதா கேட்டாள். இரண்டும்தான் என்றார் டாக்டர். வயதானால் குரல்நாணின் தசை மெலியும், மேல்தோலின் இளக்கம் குறையும், ஓரம் வளைந்துபோகும். எல்லாருக்கும் ஒரே அளவில் வராது. பெண்களுக்குப் பெரும்பாலும் குரல் கனத்துப்போகும், ஆண்களுக்கு மெலிந்துபோகும். "அப்ப நானும் இவளும் குரலை மாத்திக்கப் போறோம்" என்றார் இவர். கவிதா அதை மலாயில் சொல்ல, டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, வளைவை முழுதும் நேராக்க முடியாது, கட்டியை எடுத்தாக வேண்டும், எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

என்ன சோதனை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. காரில் வரும்போதும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை யார் முதலில் சொல்வது என்று மூன்று பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் செத்தால் இவருக்கு யார் முன்னால் நடப்பார்கள் என்றுதான் என் புத்தி சுற்றிச் சுற்றி வந்தது. கவிதா நல்ல பிள்ளைதான், ஆனால் வேகமாக நடப்பவள், பேச்சு குறைவு.

அறுவை சிகிச்சை வாய் வழியாகவே நடந்தது, வெளியே வெட்டுக் காயம் இல்லை. கண் விழித்தபோது முதலில் காதில் விழுந்தது கட்டளைதான். ஒரு வாரம் சத்தம் வரக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் குரல்நாணை நெருக்குமாம். செருமக்கூடாது. காயம் ஆறும்போது அந்த ஓரங்கள் பலமாக அடித்துக்கொண்டால் தழும்பு விழும், தழும்பு விழுந்த இடம் விறைத்துப்போகும், விறைத்த தோலில் அலை ஓடாது. டாக்டர் இதை என்னிடம் சொல்லிவிட்டு, கவிதாவிடமும் தனியாகச் சொன்னார்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய் அம்மா நான் பிறவி ஊமை என்று முடிவு செய்துவிட்டார். என்னிடம் கையசைத்துச் சைகையிலேயே பேசினார், பேரீச்சம்பழத்தை ஊட்டிவிடாத குறையாகக் கொடுத்தார். நான் ஊமை இல்லை என்று சொல்லவும் வழி இல்லை. அவர் வீட்டுக்குப் போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அழுதால் தொண்டை அடைக்கும், அடைத்தால் செரும வேண்டும் என்று அழுகையையும் விழுங்கினேன்.

சாயங்காலம் கவிதா அப்பாவை அழைத்து வருவாள். நாற்காலியில் உட்கார்ந்ததும், "இருக்கியா?" என்பார். நான் கரண்டியால் டம்ளரை ஒரு தடவை தட்டுவேன். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "வலிக்குதா?" இரண்டு தட்டு. "சாப்டியா?" ஒரு தட்டு. "டம்ளரோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு சரோ" என்றார். அதற்கு எத்தனை தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிலைமை முழுதாகத் தெரிந்தது. மனிதர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. கழிவறைக்குக்கூட, "கவி... கவி..." என்று கூப்பிட்டுக் காத்திருந்தார். நான் எதிரே நின்றாலும் நான் இருப்பது தெரியாது. தொட்டால் திடுக்கிட்டார். சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினார். அவருக்கு இரண்டாவது தடவையாகக் கண் போயிருந்தது, இந்தத் தடவை அதைப் பிடுங்கியது நான்.

கவிதாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்குப் போனில் தட்ட வராது என்றேனே, அதனால் பல வருடமாகக் குடும்ப வாட்சாப்பில் நான் பேசித்தான் அனுப்புவேன். எங்கள் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான். பழைய பதிவு ஒன்றைத் தட்டினால் அடுத்தடுத்து என் பேச்சே ஓடும். கவிதா அதைப் போட்டுவிட்டாள். "ஏய், வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வா. வாடிப்போனதா பாத்து வாங்காத, உங்கப்பா மாதிரி!" இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு முழுதாக உள்ளே போனது.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் கணீரென்று இருந்தது. அதைக் கேட்டு அவர் முகம் மலர்வதைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது. எனக்குச் சக்களத்தியாக என் குரலே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லி நான் சைகை காட்டவில்லை, அவர் சாப்பிட்டாரே.

மறுநாள் மதியம் அது நடந்தது. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு லோங்காங் ஓடுகிறது, மழைத் தண்ணீர் போகும் ஆழமான சிமெண்டுக் கால்வாய். அடைப்பு எடுக்க வந்தவர்கள் எங்கள் பின்வாசலுக்கு நேரே இருந்த மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். இவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். கவிதா துணி காயப்போட்டபடி பின்வாசலில் போனில் என் பழைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அம்மா பேச்சு வேண்டியிருந்தது போல. போனைக் கால்வாயை ஒட்டிய சுவரில் அப்படியே வைத்துவிட்டு, முன்வாசலில் தபால்காரர் கூப்பிட்டாரென்று போனாள். நான் வீட்டின் பக்கவாட்டில், குழாயடியில், ஒரு வாளியோடு நின்றேன்.

போன் பேசியது. "ரெண்டு பேரும் வாங்க, தோசை சுட்டுட்டேன். வாங்கலா சீக்கிரம், ஆறிப்போனா நான் பொறுப்பில்ல!"

எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னது. அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டு எழுந்திருக்கிறார். எனக்குக் குரல் வந்துவிட்டது என்று நினைத்தாராம், பிறகு சொன்னார். அடுப்படியைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி, கையை வீசிக்கொண்டு, பழைய மிடுக்கோடு அவர் வெளியே வந்ததை நான் பார்த்தேன். அவருக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவே நான்கு எட்டுகூட இல்லை. நான் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் நின்றேன்.

வாளியைத் தூக்கி எறிந்தேன். உருண்டு சத்தம் போட்டது. அவர் நிற்கவில்லை. "என்னங்க!" என்று கத்தினேன். கிழிந்த துணிபோல ஒரு சத்தம் வந்தது. அதையும் அவர் சட்டை செய்யவில்லை. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரு பெண் ஒரு ஆளை என்னங்க என்றுதான் கூப்பிடுகிறாள். அவருக்குத் தெரிந்த சரோஜா அந்தப் பக்கம் சுவரில் தோசை சுட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் போய்க்கொண்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் பெண்கள் சொல்வதில்லை. மருத்துவமனைக் கவுண்டரில் கேட்டால்கூட அடையாள அட்டையை நீட்டுவேன். அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து எடுத்து, "மாணிக்கம்! நில்லு!" என்று கத்தினேன். தொண்டைக்குள் ஏதோ பிய்ந்துகொண்டது.

அவர் நின்றார். ஒரு கால் விளிம்பில் இருந்தது.

"யாரு?" என்றார். "யாரது?"

ஓடிப்போய் இடுப்போடு கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேருமாக வாசலில் விழுந்தோம். என் வளையலைத் தடவி, முகத்தைத் தடவி, "சரோவா? நீயாடி?" என்றார். தட்டுவதற்கு டம்ளர் இல்லை. அவர் கையைப் பிடித்து என் நெஞ்சில் ஒரு தடவை தட்டினேன். சுவரின் மேல் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. கவிதா ஓடிவந்து அதை அணைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளை ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளை நல்லதை நினைத்துச் செய்தது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது சோதனை முடிவு வந்திருந்தது. புற்றுநோய் இல்லை. கவிதா என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வந்து பாதி வழியில் நின்றுவிட்டது, ஏனென்றால் டாக்டர் குழாயைக் கையில் எடுத்துவிட்டார்.

ஈ சொன்னேன். திரையில் வலது பக்கம் அசைந்தது, அலை ஓடியது. இடது பக்கம் கட்டி எடுத்த இடத்தில் அலை வந்து அப்படியே நின்றது. டாக்டர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "இடையில பேசினீங்களா ஆன்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டார். கவிதா நடந்ததைச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. அந்த ஒரு கத்தலால்தான் என்று சொல்ல முடியாது, கவனமாக இருந்தவர்களுக்கும் தழும்பு விழுவதுண்டு, வயதால் வந்த வளைவு வேறு இருக்கிறது என்றார். உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் விட்டு ஊதி ஊதிப் பயிற்சி செய்ய வேண்டும். இடைவெளியை ஓரளவு அடைக்க ஊசி இருக்கிறது, அதைப் பிறகு யோசிக்கலாம். பழைய குரல் திரும்பி வருமா என்று நான் கேட்டேன். கேட்ட குரலே பதில் மாதிரி இருந்தது. "அதை நான் சத்தியம் பண்ண முடியாது" என்றார்.

கத்தியதற்கு எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு வருத்தம் இருக்கிறது. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் கத்துவேன், இன்னொரு தடவையும் வருத்தப்படுவேன். குரல்தானே என்று கேட்பவர்கள் ஒரு நாள் தங்கள் வீட்டு ஆளிடம் பேசி, "யாரது?" என்ற கேள்வியை வாங்கிப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தோம். இவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை. "கவி, ஃபேனை அடை. டிவியும் வேணாம்" என்றார். பிறகு என் பக்கம் என்று நினைத்து வேறு பக்கம் பார்த்து, "சரோ, நீ அடுப்படிகிட்ட போய் நில்லு. பேசு. நான் வர்றேன்" என்றார்.

போய் நின்றேன்.  நாற்பது வருடமாக வாய் மூடாதவள் அன்றைக்கு ஒரே சொல்லில் ஆரம்பித்தேன். "வாங்க" என்றேன். உமி ஊதியதுபோல இருந்தது. அவர் ஒரு எட்டு வைத்தார், மேசையில் இடித்துக்கொண்டார். கவிதா எழுந்தாள், நான் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தேன். "மேசை இருக்கு, தெரியாதா உங்களுக்கு? நேத்தா வாங்கினோம்?" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். "வலது பக்கமா வாங்க."

வந்தார். எனக்கு ஒரு முழம் தள்ளி, என்னைத் தாண்டிப் போனார். சுவர் அவர் கையில் பட்டது. அங்கேயே நின்று சுவரைத் தடவினார். தோள்கள் தொங்கிப்போயின. கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். நான் நீட்டவில்லை. இருந்த காற்றை எல்லாம் சேர்த்து, "இங்க இருக்கேன்" என்றேன்.

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். நிதானமாகத் திரும்பினார்.

"கேக்குது. நிறுத்தாதே, சொல்லிக்கிட்டே இரு."